முன்னறையில் தொங்கிய கோட்டு

ஊசிக் காதையே பார்த்துப் பாதி ஆயுளைக் கழித்த தையல்காரி, சொந்த வீட்டை முழுசாகப் பார்த்தது அதை அளந்த அன்றைக்குத்தான். வீட்டுக்குக் காப்பீடு எடுக்க அறைகளின் அளவு வேண்டுமாம். கழுத்தில் கிடந்த மஞ்சள் டேப்பை எடுத்துச் சுவரின் தோளில் வைத்தாள். ஜன்னலுக்கு இடுப்பு பார்த்தாள். நடைவழி நீளமான கையாகத் தெரிந்தது. வீடு அசையாமல் மூச்சைப் பிடித்து நின்று அளவு கொடுத்தது.

அவள் அளந்து முடிப்பதற்குள், பஸ் ஓட்டும் கணவன் முன்னறையில் தொங்கிய வாடிக்கைத் துணிகளையெல்லாம் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு, தையல் மெஷின் மேல் பூப்போட்ட போர்வையை விரித்தான்.

"கேட்டா ஹால்னு சொல்லு. தொழில் பண்ற இடம்னா பணம் கூடக் கேப்பாங்க."

"எம்மெஷின் என்ன ஓடிவந்த பொண்ணா, முக்காடு போட்டு உக்கார வைக்க?"

"வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு தாயே."

காப்பீட்டு முகவர் வந்தாள். சின்னப் பெண். அளவுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அக்கா, நான் பாத்தவரைக்கும் ரூம் இவ்வளவு இல்லையே?"

"தையலுக்கு விட்டிருக்கேன். அளவாப் பிடிச்சா மூச்சு முட்டும்ல?"

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். முகவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னாள்: வீட்டை விற்றால் என்ன வரும் என்பது கணக்கில்லை, இடிந்தால் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு.

"மண்ணு எரியாதுல்ல அண்ணா? மனை விலைக்கும் சேத்து எதுக்குப் பணம் கட்டணும்?"

இந்தத் திட்டத்தில் தீக்கு உண்டு. குழாய் திடீரென்று வெடித்தால் உண்டு. வருஷக்கணக்காகச் சுவரில் ஊறும் ஈரத்துக்குக் கிடையாது. வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பொருளுக்கும் தனித் தொகை.

"உங்க பொருளுக்கு மட்டும்தான்" என்றாள் முகவர்.

தையல்காரியின் கண் படுக்கையறைக் கதவில் போய் நின்றது. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வருவதுபோல் இருந்தது. நர்ஸின் வெள்ளைச் சட்டையும் கல்யாணப் பெண்ணின் நீலப் பாவாடையும் கைகளை விரித்து மிதந்து, அவரவர் வீட்டுக்குக் கிளம்பின. கறுப்புக் கோட்டு ஒன்று மட்டும் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அது டீச்சரம்மாவின் இறந்துபோன கணவருடையது. 'எனக்குப் போடுற மாதிரி கையை மட்டும் குறைச்சிக் குடும்மா. தோள் அப்படியே இருக்கட்டும்' என்று அந்தம்மா கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"அடுத்தவங்க துணி வீட்ல இருந்தா?"

கணவன் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தான். அவள் எழுந்துபோய்ப் போர்வையை உருவினாள்.

முகவர் மெஷினைப் பார்த்தாள். கணவன் கூரையைப் பார்த்தான்.

"நல்லவேளை சொன்னீங்க அக்கா. மறைச்சு எடுத்து நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, துணிக்கு மட்டுமில்ல, மொத்தத்துக்குமே கம்பெனி கையை விரிச்சிடலாம். தொழிலையும் வாடிக்கைத் துணியையும் சேர்த்துக்கலாம். கொஞ்சம் கூட ஆகும்."

கணவன் வெகுநேரம் தாடையைத் தடவினான். "என் பெரிய டிவிக்குத் தனியா எழுதினதை எடுத்துடும்மா. இவ மெஷின் சத்தத்துல அதுல என்ன பேசுறான்னே கேக்கிறதில்ல."

தையல்காரி அவனைப் பார்க்காமல் நூலைப் பல்லால் கடித்தாள். சிரிப்பை மறைக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

"அந்தக் கோட்டுக்கும் வருமா?"

"பணம் வரும் அக்கா. கோட்டு வராது."

முகவர் போனதும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுக் கோட்டை மடியில் போட்டாள். கைத்துணியை வெட்டவில்லை. உள்ளே மடித்து, வேண்டுமானால் பிரிக்கிற மாதிரி தைத்தாள். வெயில் தாழ்வதற்குள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு டீச்சரம்மா வீட்டுப் பக்கம் நடந்தாள். காற்று உள்ளே புகுந்து தோளை நிரப்பியது. யாரோ ஒருவரை வீட்டில் கொண்டுபோய் விடுவதுபோல் இருந்தது.