நான் அடைத்த ஆறு ஓட்டைகள்

யாழ்ப்பாணத்தில் மதில் என்றால் எல்லை. ஓட்டை இருந்தால் உடனே அடைப்போம். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

வேலை மாற்றலாகி வந்து, கட்டுகஸ்தோட்டையில் மலைச்சரிவில் ஒரு வீடு வாங்கினேன். சமைக்கும் குசினியோடு ஒட்டி, மேட்டைத் தாங்கும் பின்மதில். அதிலிருந்த ஆறு ஓட்டைகளும் எந்நேரமும் சொட்டின. முற்றம் பாசி பிடிக்கிறதென்று நானே சீமெந்து குழைத்து ஆறையும் அடைத்தேன். பின்பக்கம் சத்தமே இல்லாமல் போனது.

அடுத்து வந்த மழையில் குசினிக் கதவு மூட மூடத் தானாகத் திறந்தது. பட்டப்பகலில் சுவருக்குள் யாரோ விரலால் தட்டுவதுபோல் கேட்டது.

"உள்ளுக்கை ஆரோ நிக்கினமப்பா," என்று மனைவி குசினிக்குள் போகவே பயந்தாள். பேய் விலகட்டும் என்று நான் தேசிக்காய் வெட்டி நாலு மூலையிலும் வைத்தேன். தட்டல் நிற்கவில்லை.

கதவைப் பார்க்க வத்தேகமவிலிருந்து வந்த மேசன் கதவைத் தொடவேயில்லை. பின்மதிலில் காதை வைத்தார்.

"ஐயா, இந்த ஓட்டைகள அடைச்சது யாரு?"

"நான்தான்."

"மேட்டுத் தண்ணி பூரா மதிலுக்குப் பின்னால நிக்குது. வீட்டுக்காரம்மாவ கூட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போயிருங்க. இப்பவே."

அவர் பக்கவாட்டில் நின்று அலவாங்குக் கம்பியால் அடைப்புகளைக் குத்தித் திறந்தார். ஒவ்வொரு ஓட்டையும் செம்மண் தண்ணீரைப் பீய்ச்சியது. மதில் வயிறுபோல் முன்தள்ளிக் குசினிச் சுவரை நெருக்கி நின்றதை ரோட்டிலிருந்துதான் கண்டேன்.

புது மதில் எழும்பும்வரை வேறு வீட்டில் இருந்தோம். இப்போது மழை பெய்தால் பின்பக்கம் போய் ஆறு சொட்டுகளையும் எண்ணுவேன். வெளியே விடச் சொல்லித் தட்டிய தண்ணீருக்குத்தான் நான் தேசிக்காய் வெட்டியிருக்கிறேன்.