தவறைக் காட்டுபவருக்கே பெட்டி

1964 ஜூன் 11: பிறப்பு. 1988 பிப்ரவரி 1: பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராகச் சேர்ந்தார். 1990: அதே பணிமனையின் மெக்கானிக்கை மணந்தார். 1996 ஆகஸ்ட் 24: நகரப் பள்ளிகளின் வினாடி வினாப் போட்டிக்குரிய கேள்விப் பெட்டி அவர் கைக்கு வந்தது. 2019 பிப்ரவரி 20: அது அவர் கையை விட்டுப் போனது.

பணிமனையிலும் பதினான்கு பள்ளிகளிலும் அவரை மணியக்கா என்றுதான் அழைத்தார்கள். போட்டியில் தவறான விடை சொன்னால் மணி அடிப்பது அவர். அந்த மணி, உடைப்பதற்கு அனுப்பிய ஒரு பழைய பேருந்திலிருந்து அவருடைய கணவர் கழற்றிப் பலகையில் பொருத்திக் கொடுத்தது. ஒரு முறை இழுத்தால், விடை சொன்னவருடைய பள்ளி முழுவதும் தலை குனியும் அளவுக்குச் சத்தம் வரும்.

பெட்டி தகரத்தால் ஆனது. அதற்குள் கேள்வி அட்டைகள். பணிமனையில் பயன்பட்டு முடிந்த தடித்த பணி அட்டைகளை நான்காக வெட்டி, வெறுமையான பக்கத்தில் கேள்வியை எழுதுவது மணியக்காவின் வழக்கம். ஆகவே ஒவ்வோர் அட்டையின் முன்புறத்திலும் உலகை மாற்றிய யாரேனும் ஒருவரும், பின்புறத்தில் ஏழாம் தடத்தின் காலை 6.10 வண்டியோ மூன்றாம் தடத்தின் கடைசி வண்டியோ இருந்தார்கள். இரண்டு புத்தகங்கள் ஒரே விடையைச் சொன்னால்தான் ஓர் அட்டை பிறக்கும். அந்த இரண்டு புத்தகங்களின் பெயரும் பக்க எண்ணும் அட்டையின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

பெட்டி அவருக்கு வந்த விதத்தையும் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு முன் அதை வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். "என் அட்டையில ஒரு தப்பு காட்டுங்க, பெட்டியையே தூக்கிக் கொடுத்துடுறேன்" என்று ஆண்டுதோறும் மேடையில் சவால் விடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. 1996ஆம் ஆண்டுப் போட்டியில், பென்சிலின் கண்டறியப்பட்ட ஆண்டு 1938 என்று அவர் அட்டையைப் பார்த்துப் படித்தார். பார்வையாளர் வரிசையில் தங்கை மகளுடன் உட்கார்ந்திருந்த மணியக்கா எழுந்தார்.

"சார், அது இருபத்தெட்டு."

தலைமையாசிரியர் கலைக்களஞ்சியத்தை வரவழைத்துப் பார்த்தார். மறுநாள் காலை அவரே பேருந்தில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பணிமனைக்கு வந்து சேர்ந்தார். மணியக்கா அன்று மாலையே மூடியின் உட்புறத்தில் கறுப்பு மையால் எழுதினார்: தவறைக் காட்டுபவருக்கே பெட்டி.

அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகளில் யாரும் தவறு காட்டவில்லை. குறைந்தபட்சம், அவர் அப்படித்தான் நம்பியிருந்தார்.

2017இல் பணிமனைக்குப் புதிய ஓட்டுநர் ஒருவர் வந்தார். வயது இருபத்தேழு, ஏழாம் தடத்தில் முதல் பெண் ஓட்டுநர். சேர்ந்த வாரத்திலேயே 'ஏழாம் நம்பர்' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. முதல் நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் சன்னல் வழியாகச் சிரித்தார்.

"அக்கா, நீங்க எனக்கு ஒரு தடவை மணி அடிச்சிருக்கீங்க."

"நான் மணி அடிக்காத ஆளு இந்த ஊர்ல யாரும்மா இருக்கா?" என்றார் மணியக்கா.

அன்று மாலை வீட்டில் போட்டிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். 2004, இறுதிச் சுற்று. இரண்டு பள்ளிகளும் 145 புள்ளிகளுடன் சமமாக இருந்த நிலையில் நாற்பதாவது கேள்வி: நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்? பதினான்கு வயதுச் சிறுமி சொன்ன விடை: நியூகமன். எதிரில் மணியக்காவின் எழுத்தில் 'தவறு'. கேள்வி அடுத்த பள்ளிக்குப் போனது. அவர்கள் ஜேம்ஸ் வாட் என்றார்கள்; கைமாறி வந்த கேள்விக்குரிய ஐந்து புள்ளியும் சுழற்கேடயமும் பெற்றார்கள். மணியக்கா பதிவேட்டை மூடி வைத்தார். எல்லாம் சரியாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

2019ஆம் ஆண்டுப் போட்டிக்கு 'நவீன உலகை உருவாக்கியவர்கள்' என்ற தனிச் சுற்று ஒன்று வேண்டும் என்று பள்ளிகள் கேட்டன. மணியக்கா ஏற்கெனவே கேட்டு முடித்து ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்த அட்டைகளையும் வெளியே எடுத்தார். 'யார்' என்று கேட்கும் அட்டைகள் மட்டும் 611 இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, மேசை விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த கணவரிடம் ஆண்டுதோறும் நடக்கும் ஒத்திகை தொடங்கியது. அவர் பட்டறையில் இருப்பதைப் போலவே தலை நிமிராமல் விடை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீராவி எஞ்சினைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நியூகமன்."

"ஜேம்ஸ் வாட்டுங்க."

"வாட்டு நம்மள மாதிரி. காலேஜ்ல இருந்த நியூகமன் எஞ்சின் மாடல் ஒண்ணு அவருகிட்ட ரிப்பேருக்கு வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தாரு, ஆவி பாதிக்கு மேல வீணாப் போகுது. அதுக்கு ஒரு வழி பண்ணினாரு. பெரிய மூளைதான், நான் இல்லைங்கல. ஆனா எஞ்சின் அவருக்கு முன்னாடியே ஓடிட்டு இருந்துச்சே."

"யாரு சொன்னா?"

"எங்க பட்டறைச் சுவத்துல படமே மாட்டியிருக்கு."

"நான் பார்த்ததே இல்லையே. எந்தச் சுவர்?"

"நீ வருஷா வருஷம் காலண்டர் மாட்டுற சுவர்தான். உன் காலண்டருக்குப் பின்னாடி."

கணவர் விசிறியின் திருகு ஒன்றைத் தேடியபடியே தொடர்ந்தார். "வாட்டு கண்டுபிடிச்சாருன்னா, டிப்போல இருக்கிற அறுபத்திரண்டு பஸ்ஸையும் நான்தான் கண்டுபிடிச்சேன். அதையும் ஒரு அட்டையில எழுதி வை."

திங்கள்கிழமை காலை மணியக்கா பட்டறைக்குச் சென்று காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். படத்தில் ஆண்டு வரிசை தெளிவாக இருந்தது. 1712: நியூகமன். 1769: வாட், ஆவியைத் தனியே குளிர்விக்கும் ஒடுக்கிக்கான காப்புரிமை. படத்தின் அடியில் பயிற்சி வகுப்பின் பெயரும் 2004 என்ற ஆண்டும் இருந்தன. அந்த ஆண்டு கணவர் ஆறு வாரப் பயிற்சிக்குச் சென்றிருந்ததால் ஒத்திகை நடக்கவில்லை. ஒத்திகை நடக்காத ஒரே ஆண்டு அதுதான்.

பிறகு அட்டையின் மூலையில் எழுதியிருந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்தார். இரண்டும் வாட் என்றே சொல்லின. இரண்டாவது புத்தகத்தின் முன்னுரையை முதன்முறையாகப் படித்தார். அதில் ஆசிரியர், தகவல்கள் யாவும் முதல் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று நன்றியுடன் குறிப்பிட்டிருந்தார்.

நிலைமை மணியக்காவுக்குப் புரிந்தது. மூடியின் உட்புறத்தில் அவரே எழுதிய விதிப்படி பார்த்தால், 2004 முதல் பெட்டி அவருடையதே அல்ல. அது ஏழாம் நம்பருடையது. தினமும் காலை 5.40க்குச் சன்னலில் வந்து நின்று, "குட் மார்னிங் அக்கா" என்று கையெழுத்துப் போடுபவரிடமிருந்து பதினைந்து ஆண்டுகளாகப் பெட்டியைப் பிடித்து வைத்திருக்கிறோம். சொன்னால் பெட்டி போய்விடும்.

எட்டு நாள் சொல்லவில்லை. அந்த எட்டு நாளும் ஏழாம் தடத்துக்குப் பொற்காலம். புதிதாக வந்த மூன்று பேருந்துகளில் ஒன்று அந்தத் தடத்துக்கு ஒதுக்கப்பட்டது. நான்கு நிமிடத் தாமதம் ஒன்று பதிவேட்டில் 'போக்குவரத்து நெரிசல்' என்று ஏறியது. சன்னல் வழியாக ஒரு நாள் தேநீரும் நீண்டது.

எட்டாம் நாள் ஏழாம் நம்பர் சன்னலுக்குள் தலையை நீட்டி மெல்லக் கேட்டார். "அக்கா, என் மேல யாராவது புகார் கொடுத்திருக்காங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. இந்தக் கவனிப்பு பயமா இருக்கு."

மணியக்கா பேனாவை மூடி வைத்தார். பின்னால் வரிசையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"நீ சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒரு பதில் சொன்ன. நியூகமன்னு. நான் மணி அடிச்சேன்."

"ஆமாக்கா. காது ரெண்டு நாள் கேட்கல."

"நீ சொன்னதுதான் சரி. அட்டை தப்பு. பெட்டி உன்னுது."

ஏழாம் நம்பரின் முகத்தில் வந்தது மகிழ்ச்சி அல்ல, மாட்டிக்கொண்டவரின் சிரிப்பு.

"அக்கா, நான் சொன்னதும் தப்பு."

"என்னது?"

"உங்க மேல புகார் எழுதணும்னு அடுத்த வாரமே லைப்ரரிக்குப் போனேன். நியூகமனுக்கு முன்னாடி சேவரின்னு ஒருத்தர் இருந்திருக்காரு. ஆயிரத்தறுநூத்தித் தொண்ணூத்தெட்டு. சுரங்கத்துல தண்ணி இறைக்க நீராவியில ஓடுற பம்பு செஞ்சிருக்காரு. எனக்கே வெட்கமாப் போச்சு. பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்."

மணியக்காவுக்குள் இருந்த அட்டைக்காரர் விழித்துக்கொண்டார். "சேவரிக்கு முன்னாடி யாரு?"

"தெரியலக்கா. மணி எட்டாயிடுச்சுன்னு லைப்ரரியை மூடிட்டாங்க."

வரிசையில் நின்ற நடத்துநர் தொண்டையைச் செருமினார். "பஸ்ஸு 6.10க்குக் கிளம்புமா, இல்ல அவருக்கும் முன்னாடி யாருன்னு பார்த்துட்டுதான் கிளம்புமா?"

"அப்ப ரெண்டு பேரும் தப்பு" என்றார் மணியக்கா. அவர் குரலில் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. "அப்படின்னா பெட்டி..."

"கேள்வியே தப்புக்கா. ஒரே ஒரு ஆளைக் கேட்குது பாருங்க, அதான் தப்பு." ஏழாம் நம்பர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேருந்து எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு, "இப்ப நான் ஒரு தப்பைக் காட்டிட்டேன்ல?" என்றார்.

நடத்துநர்தான் முதலில் சிரித்தார்.

மறுநாள், பிப்ரவரி 20, மணியக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏழாம் தடப் பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்து பணிமனைக்கு வந்தார். மணிப் பலகையைக் கணவர் தூக்கிவந்தார். "இருபத்திரண்டு வருஷம் வச்சிருந்த. ஒரு சொட்டு அழுதுட்டுக் கொடேன்" என்று அவர் சீண்டியதற்கு, "டூட்டியில இருக்கேன்" என்பதுதான் பதில். போட்டிப் பதிவேட்டில் 2004ஆம் ஆண்டுக்கு எதிரே சிவப்பு மையில் திருத்தம் ஏறியது: 'நாற்பதாவது கேள்வி செல்லாது. இரு பள்ளிகளும் சமம்.'

பெட்டியை வைக்க ஏழாம் நம்பரின் வீட்டில் இடமில்லை. இரண்டே அறை, ஒன்றை மாமியாரின் தையல் எந்திரம் பிடித்திருந்தது. ஆகவே பெட்டி நேரக் காப்பாளர் அறையின் அலமாரியிலேயே இருந்தது. அலமாரிச் சாவி மட்டும் ஏழாம் நம்பரிடம். மணியக்கா தன் சொந்த அலமாரியைத் திறக்கத் தினமும் காலை 11.20 வரை, அதாவது ஏழாம் தடம் திரும்பி வரும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

வண்டி திரும்பியதும் கிடைக்கும் இருபத்தைந்து நிமிட இடைவேளையில் இருவரும் 'யார்' அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும், இவருக்கு முன்னால் யார், இவரோடு யார் என்று தேடி எழுத வேண்டும் என்பது ஏழாம் நம்பரின் உத்தரவு. இரண்டு புத்தகங்கள் போதும் என்ற பழைய விதியும் மாறியது. இரண்டின் முன்னுரைகளையும் படித்திருக்க வேண்டும். மின்விளக்கு அட்டையில் எடிசனுக்குப் பக்கத்தில் ஸ்வானும் டேவியும் வந்து உட்கார்ந்தார்கள். விமான அட்டையில் ரைட் சகோதரர்களுக்கு முன்னால் லிலியந்தாலும் கெய்லியும் ஏறினார்கள். அட்டையில் இடம் போதாமல், மறுபுறத்தில் 6.10 வண்டிக்கும் 6.25 வண்டிக்கும் நடுவே இருந்த வெள்ளையிலும் பெயர்கள் பரவின.

2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, போட்டி நடந்தது. மேடையில் ஏழாம் நம்பர். அவர் மேசையில் மணி. மணியக்கா மூன்றாம் வரிசையில் கணவரோடு உட்கார்ந்திருந்தார். முதல் தவறான விடைக்கு அவர் வலது கை தானாக உயர்ந்து காற்றில் எதையோ பிடித்து இழுத்தது. கணவர் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தார்.

பதினேழாவது கேள்வி: பெரியம்மையைத் தடுக்க மாட்டம்மைக் கொப்புள நீரை முதன்முதலில் மனிதருக்குக் குத்தியவர் யார்? மாணவர் ஒருவர், "எட்வர்ட் ஜென்னர், 1796" என்றார். ஏழாம் நம்பர், "சரி" என்றார்.

மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இம்முறை அது தானாக உயரவில்லை.

"பெஞ்சமின் ஜெஸ்டி. ஆயிரத்தெழுநூத்தி எழுபத்தி நாலு. ஜென்னருக்கு இருபத்திரண்டு வருஷம் முன்னாடி. சொந்த மனைவிக்கும் ரெண்டு பசங்களுக்கும் ஊசியால கீறிக் குத்தினாரு."

"டாக்டராக்கா?"

"விவசாயி." மணியக்கா பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தார். பக்கங்களில் சீட்டு வைத்திருந்தது. "ரெண்டு முன்னுரையும் படிச்சுட்டேன்."

"அந்த அட்டை மட்டும் ஏன் நம்ம பார்க்காம விட்டோம்?" என்று மேடையிலிருந்து கேட்டார் ஏழாம் நம்பர்.

கணவர்தான் பதில் சொன்னார். "அவளுக்கு மார்ச்லயே தெரியும்மா. அட்டைங்களை அடுக்குற சாக்குல அந்த அட்டையைத் தினம் கடைசிக்குத் தள்ளிட்டே இருந்தா."

ஏழாம் நம்பர் மணியக்காவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பிடித்துத் தனக்குத்தானே மணி அடித்தார். அரங்கில் இருந்த பதினான்கு பள்ளிகளும் எழுந்து கை தட்டின. கேள்வி செல்லாது என்று பதிவானது. மாலையில் சாவி கை மாறியது.

அது நான்கு வாரம்தான் தங்கியது. செப்டம்பரில் தட்டச்சு எந்திர அட்டை ஒன்றில் ஏழாம் நம்பர் தவறு காட்டினார். நவம்பரில் மணியக்கா மீட்டார். ஒவ்வொரு முறையும் சாவி கொடுத்த நாளும், காரணமான அட்டையும், வெளியே தெரிந்த பெயரும் பதிவேட்டில் ஏறின; இருவரும் கையெழுத்திட்டார்கள். சாட்சிக் கையெழுத்து நடத்துநருடையது.

மணியக்கா 2022 ஜூன் 30 அன்று பணி ஓய்வு பெற்றார். அன்று பெட்டி அவரிடம் இருந்தது. ஏழாம் தடத்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஜாக்கிரதையா வச்சிருங்கக்கா. டெலிபோன் அட்டையில ஒரு சந்தேகம் இருக்கு."

அன்றைய கணக்கு: 'யார்' அட்டைகள் 611. அவற்றில் எழுதப்பட்டுள்ள பெயர்கள் 1,947.