பாஸான டியூப்பும் பளபளத்த டியூப்பும்

போன மாதம் காய்ச்சல் விடாமல் அடித்ததால் செங்கம் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மேலே பாட்டில், கீழே என் கை, நடுவில் பளபளவென்று ஒரு டியூப். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் பெண் இரண்டு தடவை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா சார் யோசிச்சிக்கினு படுத்திருக்கீங்க? பிரஷர் ஜாஸ்தியா காட்டுது."

"இந்த டியூப்பப் பாத்தா கோவம் வருதும்மா."

"டியூப்பு இன்னா சார் பண்ணுச்சு உங்கள?" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

என்ன பண்ணியது என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் அவள் ஷிஃப்ட் முடிந்துவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நாற்பது வருஷத்துக் கோபம், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தேரடித் தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சேல்ஸ்மேன். கடைக்கென்று ஒரு வாசனை உண்டு: டெட்டால், பி காம்ப்ளக்ஸ், முதலாளியின் விபூதி. ஒருநாள் அதில் மயக்க மருந்தான ஈதரும் சேர்ந்தது. ஒல்லியாக ஒருவன் வந்து ஈதர் ஒரு பாட்டில், விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் என்று கேட்டான். பக்கத்தில் நின்ற அம்மாள் பரிதாபமாக அவனைப் பார்த்து, "யாருக்கு தம்பி ஆபரேஷன்?" என்றாள். "ஏரோப்பிளேனுக்குங்க" என்றான் அவன். அந்த அம்மாள் மாத்திரையை வாங்காமலே போய்விட்டாள். ஏகாம்பரமும் நானும் சிநேகிதர்களானது அப்படித்தான்.

அவன் அடி அண்ணாமலைக்காரன். வேர்க்கடலை போடுகிற குடும்பம். வேலூரில் பி.எஸ்சி. படித்தபோது என்.சி.சி.யில் மாதிரி விமானம் செய்யக் கற்றுக்கொண்டான். அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது கட்டைவிரல் அளவில் ஒரு பழைய இன்ஜினை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிளக் கிடையாது, பாட்டரி கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றி, முன்னால் இருக்கும் விசிறியை விரலால் சுண்டினால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். விமானத்தை இரண்டு மெல்லிய இரும்புக் கம்பியில் கட்டி, நடுவில் நின்று பிடித்துக்கொண்டு சுற்றவிடுவான். அது அவனை வட்டமடிப்பதைப் பார்த்தவர்கள், "ஏரோப்பிளேனு கிரிவலம் போவுது பாரு" என்று கிண்டல் செய்வார்கள். நானும் கிண்டல் செய்தேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் நிற்பேன்.

டேங்கிலிருந்து இன்ஜினுக்கு எண்ணெய் போக விரல் நீளத்துக்கு ஒரு டியூப் வேண்டும். அற்ப சமாசாரம் என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். சைக்கிள் வால்வு டியூப்பை மாட்டினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடியது. மூன்றாவது வாரம் இன்ஜின் முக்கி முனகி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் டியூப் மண்ணெண்ணெயில் ஊதிக் கொழுத்துப் போயிருந்தது. கையில் எடுத்ததும் பிய்ந்தது. அதன் துணுக்குகள் இன்ஜினின் ஊசித் துவாரத்தில் போய் அடைத்திருந்தன.

அதற்கப்புறம்தான் பரீட்சை வைத்தோம். கடையில் சேரும் காலி டானிக் பாட்டில்களை நான் கழுவிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் அந்த எண்ணெய்க் கலவையை ஊற்றி, ஒவ்வொரு விதமான டியூப்பாகப் போட்டு மூடி, அவன் வீட்டு ஜன்னலில் வரிசையாக வைத்தோம். வால்வு டியூப், ஆஸ்பத்திரிச் சிவப்பு ரப்பர், குளுக்கோஸ் டியூப், மீன்தொட்டிக்குக் காற்று விடுகிற டியூப், மொபெட்டுக்குப் போடுகிற கறுப்பு பெட்ரோல் டியூப். ஒரு வாரம் ஊறவேண்டும், ஒருநாள் வெயிலில் காயவேண்டும், பிறகு வளைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு ரப்பர் கூழானது. குளுக்கோஸ் டியூப்தான் பெரிய மோசக்காரன். முதல் ஒருமணி நேரம் ஒன்றுமே ஆகாதது போல இருந்தது. அப்புறம் மெல்ல ஊறித் தொளதொளத்து, மாட்டின இடத்தில் நிற்காமல் வழுக்கியது. காய்ந்ததும் விறைத்துப் போய், வளைத்தால் படக்கென்று முறிந்தது. மீன்தொட்டி டியூப்புக்கும் அதே கதிதான்.

கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. விளக்கெண்ணெய்க் கறை ஏறி, பார்க்கச் சாக்கடையிலிருந்து எடுத்தது போல இருந்தாலும் வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. அதன் துவாரம் பெரிதாக இருந்ததால், பழைய பால்பாயிண்ட் பேனாவின் பித்தளை ரீஃபிலை வெட்டி இன்ஜின் மூக்கில் பற்றவைத்துப் பொருத்தினான். "புதுசு ஒண்ணு வாங்கி மாட்டுடா" என்றேன். "வேணாம்பா, இது பரீட்சை எழுதி பாஸ் பண்ண டியூப்பு. புதுசு இன்னும் எழுதல" என்றான். அந்தக் கறை படிந்த துண்டையே மாட்டினான்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் மாதிரி விமான வகுப்பு ஒன்று தொடங்கப்போவதாகப் பேச்சு. சொல்லித்தரும் வேலை ஏகாம்பரத்துக்கு என்று வாய்வார்த்தையாக முடிவாகியிருந்தது. விளையாட்டு விழாவுக்குத் தலைமை தாங்க மெட்ராஸிலிருந்து ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் வருகிறார். அவர் முன்னால் பறக்கவிட்டு அவர் தலையசைத்தால் வேலை உறுதி. ஏகாம்பரம் படித்து முடித்து வருஷக்கணக்காகச் சும்மா இருந்தான். அவன் அப்பா தினமும், "எவனோ வுட்ட பொம்மைய சுத்தறதுக்காடா உன்ன பி.எஸ்சி. படிக்க வெச்சேன்?" என்பார். அந்த வேலை கிடைத்தால் அவருக்குப் பதில் சொல்லலாம், ஆயுசுக்கும் விமானம் செய்யலாம். வேறு எதையும் அவன் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது பள்ளிக்கூடத்துச் செயலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். பேர் வேண்டாம். செத்துப்போய்விட்டார், பெரிய பூப்பல்லக்கில் போனார். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் அவருக்குக் கை நிற்காது. மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு, செங்கல்லுக்குக் காவி, தண்ணீர்ப் பானைக்குப் பொட்டு. தொடங்காத வகுப்புக்கு 'விமான மாதிரிக் கூடம்' என்று நீலத்தில் போர்டு எழுதி அறைக்கு மேலே மாட்டிவிட்டார். காட்சிப் பொருள் எல்லாம் முதல்நாளே மேடைக்குப் பின்னால் வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. விமானத்தை ஒப்படைத்துவிட்டு வந்தோம்.

காலையில் போய்ப் பார்த்தால் விமானத்துக்குச் சாமந்தி மாலை, மூக்கில் குங்குமம். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கறுப்பு டியூப்பைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று குளுக்கோஸ் டியூப்.

"அது ஒரே அசிங்கமா இருந்துச்சுப்பா. கடைலேர்ந்து புதுசு வாங்கியாரச் சொல்லி மாட்டிட்டேன். உள்ள எண்ணெ ஓடறது வர்ற பெரியவருக்குத் தெரியும் பாரு" என்றார் செயலாளர். எந்தக் கடை தெரியுமா? எங்கள் கடை. நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் முதலாளியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கறுப்பைப் பள்ளிக்கூடத்து ஆயா குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டாள்.

நான் கத்த ஆரம்பித்தேன். ஏகாம்பரம் என்னைத் தள்ளிக்கொண்டு போனான். "மொத ஒருமணி நேரம் தாங்கும்டா. அவரு வந்தப்புறம் எண்ணெ ஊத்திக்கலாம்" என்றான். சரியான யோசனைதான். ஆனால் செயலாளருக்கு அதுவும் பொறுக்கவில்லை. "வந்ததும் வராததுமா அவரக் காக்க வெக்கறதா? இப்பவே ஊத்தி ரெடியா வை" என்று பக்கத்தில் நின்று ஊற்ற வைத்தார். அப்போது மணி பத்து.

அதிகாரி வரவில்லை. பதினொன்று ஆனது. ஏகாம்பரம் எண்ணெயை வடிக்கப் போனான். "கார் வந்துட்டுது, கார் வந்துட்டுது" என்று செயலாளர் மைக்கில் பதறினார். வந்தது ஐஸ் வண்டி. பன்னிரண்டு மணிக்கு அவன் டியூப்பைத் தொட்டுக் காட்டினான். தொளதொளவென்று ஆடியது. "ஊறிப்போச்சுடா" என்றான். சத்தமே இல்லாமல் சொன்னான்.

சைக்கிளை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் கடைகள் எல்லாம் மூடியிருந்தன. எங்கள் கடை வாசலில் முதலாளியின் மொபெட் நின்றது. அவரிடம் கேட்டேன். "பெட்ரோல் டியூப்ப நீ புடுங்கினு போய்ட்டா வண்டிய நான் தலையில தூக்கினு போறதா?" என்றார். குளுக்கோஸ் டியூப்பை விற்றபோது இந்த யோசனையெல்லாம் அவருக்கு எங்கே போயிருந்தது? குனிந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். தெருவெல்லாம் பெட்ரோல். அவர் திட்டியது அடுத்த தெருவரை கேட்டது.

பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் போலீஸ்காரர் விசில் ஊதி ரோட்டில் போன எங்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டார். பெரிய மனிதரின் கார் போகிறதாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வராத மனுஷன் சரியாக அப்போதுதான் வந்தார், என்னை நிறுத்திவிட்டு என் முன்னாலேயே போனார். அவருக்கு நேரமாகிவிட்டதாம், சாப்பாடு காத்திருக்கிறதாம். அதனால் செயலாளர் விமானத்தையே முதல் நிகழ்ச்சியாகப் போட்டுவிட்டார்.

நான் பள்ளி கேட்டுக்கு வரும்போது இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. சுற்றுச்சுவருக்கு மேலே சிவப்பு இறக்கை வந்து வந்து போனது. என்னமோ தாங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த சுற்றில் அது நிமிர்ந்து மேலே ஏறியது. சத்தம் திடீரென்று மெலிந்து கீச்சென்று ஆனது. டியூப் வழுக்கிக் காற்றை உறிஞ்சினால் அப்படித்தான் கேட்கும். அப்புறம் சத்தமே இல்லை. கம்பி தொய்ந்து, விமானம் தலைகுப்புற வந்து சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழுந்தது.

நான் டியூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் செயலாளர் மைக்கில், "நம்ம தம்பி ஆர்வக்கோளாறுல செஞ்சது, ஐயா தப்பா நெனச்சுக்கக் கூடாது" என்று சொல்லி முடித்திருந்தார். கூட்டம் சிரித்தது. அதிகாரி நல்லவர்தான், இறங்கி வந்து, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஏகாம்பரம் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான்.

"காத்து ஜாஸ்திங்க சார்" என்றான்.

காற்றாவது மண்ணாவது. மேடையில் கட்டியிருந்த தோரணம்கூட அசையவில்லை. செயலாளரைக் காட்டிக்கொடுத்தால் வேலை போய்விடும் என்று நினைத்திருக்கிறான். காட்டிக்கொடுக்காமலும் போய்விட்டது. 'இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வராது' என்று வகுப்பையே கைவிட்டார்கள். டியூப் இல்லாத மொபெட்டை என்னைவிட்டே வீடுவரை தள்ளவைத்தார் முதலாளி. வெயிலில் தள்ளிக்கொண்டு போகும்போது செயலாளர், முதலாளி, அதிகாரி, போலீஸ்காரர் என்று ஒவ்வொருவராகத் திட்டினேன். அதிகமாகத் திட்டியது ஏகாம்பரத்தைத்தான். அவன் கூட்டுறவு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றான். அப்புறம் ஒரு விமானம்கூடச் செய்யவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவன்தான் சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தான். உட்கார்ந்ததும் மேலே பார்த்து, டியூப்பை நடுவிரலால் லேசாகச் சுண்டி, உள்ளே நின்ற ஒரு காற்றுக் குமிழியை மேலே போகவிட்டான். நர்ஸ், "அதத் தொடாதீங்க" என்று அதட்டினாள்.

"அன்னிக்கு ஏண்டா சொல்லாம வுட்ட?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

அவன் டியூப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல டியூப்புதான்டா. உள்ள போறது தண்ணியா இருந்தா ஒண்ணும் ஆவாது" என்றான். கஞ்சிக்கு உப்புப் போதுமா என்று கேட்டான். எனக்குத்தான் பிரஷர் இன்னும் ஏறியது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவை அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தச் சொன்னேன். வகுப்பு போனபிறகு அந்தக் காலத்தில் அந்த நீல எழுத்து போர்டைத் தூக்கி எறிய மனமில்லாமல், மேலே வெள்ளையடித்து 'சைக்கிள் நிறுத்துமிடம்' என்று எழுதியிருந்தார்கள். மழைக்காலத்தில் சுண்ணாம்பு நனைந்தால் அடியிலிருந்து நீல எழுத்து தெரியும். பல வருஷம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். இப்போது மைதானத்தில் பாதி பௌர்ணமிக்கு வரும் பஸ்கள் நிற்கிற இடம், மீதி கல்யாண மண்டபம். சைக்கிள் நிறுத்துமிடமும் இல்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இங்கே விமான மாதிரிக் கூடம் என்று ஒரு போர்டு இருந்ததே, தெரியுமா என்று கேட்டேன். பாவம், சின்ன வயசுக்காரர். என் கையில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியை ஒருமுறை பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"இங்க ஏதுங்க ஐயா ஏரோப்பிளேனு?"