சித்தப்பா வீட்டு டிவியில் கறுப்பு இல்லை

சித்தப்பா வீட்டுப் புது டிவி பன்னிரண்டே நாளில் கடைக்குத் திரும்பிப் போனதற்கு நான்தான் காரணம். இது சித்தப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. அத்தைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அத்தையும் அப்படியே நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பீர்க்கன்கரணையில் தாத்தாவின் நிலத்தை இரண்டாகப் பிரித்து, அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்து வீடு கட்டியிருந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் தட்டையான டிவி முதலில் வந்தது எங்கள் வீட்டில்தான். அப்பா கடையில் அதன் எதிரே நின்று, "சூப்பரா இருக்கு, பேக் பண்ணுங்க" என்று ஒரே நிமிஷத்தில் வாங்கி வந்தது. தம்பியின் கிரிக்கெட் பந்துக்குப் பயந்து சுவரில் உயரமாக மாட்டினார். நாங்களோ பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற குடும்பம். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் கதாநாயகன் முகத்தில் கரி பூசியிருக்கும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். அப்பா டிவிக்குப் பின்னால் இரண்டு மரக்கட்டைகளைச் செருகி அதைக் குனிய வைத்தார். அதன் பிறகு பாயின் நடுவில் உட்காருகிறவருக்கு மட்டும் படம் சரியாகத் தெரிந்தது. அந்த நடு இடத்துக்காக எனக்கும் தம்பிக்கும் தினமும் அடிதடி.

அடுத்த வருஷம் சித்தப்பா டிவி வாங்கத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போனபோது அப்பாவும் நானும் கூடப் போனோம். கடையில் சித்தப்பா செய்த கூத்தில் எனக்கு மானமே போயிற்று. எல்லாரும் டிவிக்கு நேராக நிற்க, அவர் மட்டும் ஓரத்தில் வாஷிங் மெஷின் வரிசைக்குப் போய்க் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"நேரா நின்னு பாத்தா எல்லா டிவியும் நல்லாத்தான் கீது. இங்க வந்து பாருண்ணா," என்றார். அப்பா நகரவில்லை.

எங்கள் வீட்டு மரக்கட்டை விஷயத்தை நான் கடைக்காரரிடம் உளறிவிட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "அது டிஎன் பேனலா இருக்கும் பாப்பா, திரையில அது ஒரு வகை, அப்படி இப்படி நகர்ந்தாலே கலர் மாறிடும்," என்றவர் சித்தப்பா பக்கம் திரும்பினார். "சார், இது விஏ. கறுப்பு நல்ல கறுப்பா வரும். ஆனா நேரா உக்காந்து பாக்கணும், ஓரத்துல வெளுத்துடும். பக்கத்துல இருக்கிறது ஐபிஎஸ். எங்க நின்னு பாத்தாலும் கலர் மாறாது. ரூமை இருட்டாக்கினா மட்டும் கறுப்பு கொஞ்சம் சாம்பலாத் தெரியும்."

சித்தப்பா வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்தே ஐபிஎஸ்ஸைக் கைகாட்டினார். இவ்வளவு பெரிய டிவியை வாங்கிவிட்டு ஏன் ஓரமாய் நின்று பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

சித்தப்பாவின் மகள் என் வகுப்புதான். "எங்க டிவில படுத்துப் பாத்தாலும் ஒரே கலர். ஃபிரிட்ஜ்கிட்ட நின்னு பாத்தாலும் ஒரே கலர்," என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாள். நானும் போய்ப் படுத்துப் பார்த்தேன், ஃபிரிட்ஜை ஒட்டி நின்று பார்த்தேன். ஒரு குறையும் கிடைக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவள் நடு இடத்துக்கு யாரோடும் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மா திருஷ்டி என்று சுற்றிப்போட்டாள். கண் வைத்துக்கொண்டிருந்ததே நான்தான்.

சித்தி மட்டும் ஹாலில் உட்காரமாட்டாள். சமையலறை வாசலில் நிலையில் சாய்ந்து பூண்டு உரித்தபடி ஓரமாக நின்று சீரியல் பார்ப்பாள். வில்லி வசமாக மாட்டிக்கொள்ளும்போது அவள் சிரிப்புதான் முதலில் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேய்ப் படம் போட்டார்கள். தியேட்டர் மாதிரி இருக்கட்டும் என்று சித்தப்பா மகள் ஜன்னல்களைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். படத்தில் பாழடைந்த பங்களா. திரை இருண்டது. அப்போதுதான் பார்த்தேன், நாலு மூலையிலும் சாம்பல் நிறத்தில் வெளிச்சம். கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. என் மனசு குளிர்ந்தது.

"உங்க டிவில கறுப்பே வரல."

"வருதே!"

"எங்க வருது? பேய்க்கு முடியெல்லாம் நரைச்சிருக்கு பாரு."

அவள் முகம் சுருங்கிப்போனது. அன்று நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஃபிரிட்ஜானாலும் மருமகளானாலும், புதிதாக வந்ததைத் திருநீர்மலை அத்தை நேரில் பார்த்துக் குறை சொன்னால்தான் காரியம் முடிந்ததாக அர்த்தம். அடுத்த வாரம் அத்தை வந்தாள். டிவிக்கு வைத்த சந்தனம் குங்குமத்தைப் பார்த்தாள், ரிமோட்டைத் தூக்கிப் பார்த்தாள். சொல்ல ஒன்றும் அகப்படாமல் தவித்தாள். நான் அவள் காதருகே போய், "ஜன்னலைச் சாத்திப் பாரு அத்தை," என்றேன்.

பட்டப்பகலில் வீடு இருட்டானது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனாள். "தோ பாரு, மூலைல வெளிச்சம் ஒழுவுது. ஏமாந்துட்டியேடா!"

"ஐபிஎஸ் அப்படித்தான்க்கா இருக்கும். தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"கறுப்பு கறுப்பா இல்லன்னா அது இன்னாடா டிவி?"

சித்தப்பா எதையும் பொறுத்துக்கொள்வார், ஏமாந்துவிட்டாய் என்பதை மட்டும் பொறுக்கமாட்டார். அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "எனக்கு எதுன்னாலும் சரிதான்," என்றாள் சித்தி. மறுநாளே டிவி மாறியது. விஏ வந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று பார்க்கப் போனேன். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால், கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. அந்தப் பேய்ப் படத்தைப் போட்டிருந்தால் பங்களாவில் பேய் நிற்பதே தெரிந்திருக்காது. சித்தப்பா மகள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். நானே பார்த்து அவளுக்கு நல்ல டிவியாக வாங்கிக் கொடுத்தாற்போல் ஆகிவிட்டது. பழைய பொறாமையே தேவலை என்று இருந்தது.

சித்தி வழக்கம்போல் சமையலறை வாசலில் நின்றாள். கண்ணை இடுக்கினாள். "என்னமோ பனி பெஞ்ச மாதிரி இருக்கே," என்றாள். "இங்க வந்து உக்காரேன்," என்றார் சித்தப்பா. "பால் வெச்சிருக்கேன்," என்று உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு சீரியல் நேரத்தில் நான் அங்கே இருந்தால் உள்ளேயிருந்து கேட்பாள். "அவ இப்போ அழுறாளா சிரிக்கிறாளாடி?" எனக்கு எரிச்சலாக வரும். "உங்கம்மாவுக்குக் கதையே புரியல," என்று சித்தப்பா மகளிடம் சொல்லிச் சிரித்தேன். கொஞ்ச நாளில் சித்தி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் பெருங்களத்தூரில் எங்கள் புது வீட்டுக்கு டிவி வாங்கப் போனேன். என்னையறியாமல் ஓரமாகப் போய், வாஷிங் மெஷின் வரிசையில் நின்று கழுத்தை நீட்டினேன். சித்தப்பா அன்று எந்த இடத்தில் நின்று பார்த்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அது சித்தி நிற்கிற இடம். கடை என்றும் பாராமல் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தாவது புரிந்ததே என்று கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

அந்தத் திருப்தி வீடு வந்து சேரும்வரைகூட நீடிக்கவில்லை. எங்கள் பழைய வீடு ஞாபகத்துக்கு வந்தது. பாயில் நானும் தம்பியும், பக்கத்தில் அப்பா. அம்மா நிற்கிற சமையலறை வாசல் டிவிக்கு வெகு ஓரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வெறும் மஞ்சள் பூச்சுதான் தெரிந்திருக்கும். அம்மா ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் அம்மாவுக்கு டிவியே பிடிக்காது என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.