கை காட்டினால் நிற்கும் வண்டி

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இதை எழுதத் துணிந்ததற்குப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறேன். உள்ளே தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டில் நின்று கையைக் காட்டினால், பாரம் தூக்கி வரும் ஃபோர்க்லிஃப்ட் நின்றே ஆக வேண்டும். பேரிகை கிராமத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

“யக்கா, எங்கூட்டு மாடுகூட நான் சொன்னா நிக்காது. இது நிக்குது பாரு!”

“போம்மா மகாராணி,” என்பார் அதை ஓட்டுகிறவர்.

பர்மனென்ட் ஆட்களை ஏற்றக் கம்பெனி பஸ் உள்ளேயே வரும். நாங்கள் கேட்டுக்கு வெளியே பெங்களூர் ரோட்டைக் கடந்துபோய் டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அன்று முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வெளியே வந்தோம். எனக்கு முன்னால் அந்தப் பேரிகைப் பெண் ரோட்டில் இறங்கினாள். வெள்ளைக் கார் ஒன்று வந்தது. அவள் கையைக் காட்டினாள். உள்ளே காட்டுவது போலவே, நிமிர்ந்து, பயமில்லாமல்.

கார் அவளைத் தூக்கி நடுச்சுவரில் அடித்தது. கம்பெனி பிரஸ் மெஷினில் தகடு நசுங்குகிற சத்தம். வலது கால் பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. எலும்பு சுடிதாரைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. துப்பட்டாவை வைத்து அழுத்தினேன். ரத்தம் என் விரல் சந்துகளில் பொங்கி வந்தது.

காரிலிருந்து இறங்கியவர் முதலில் உடைந்த கண்ணாடியைத்தான் பார்த்தார். “கையக் காட்டிட்டு எறங்குறா. இவ என்ன போலீஸா?”

எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். ஹெல்மெட்டால் அவர் வாயில் அடித்தார்கள். விழுந்தவரை வயிற்றில் மிதித்தார்கள். ஒருவன் கல்லால் கார் விளக்கை நொறுக்கினான். இந்தப் பக்கம் அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. தூக்க ஒருவரும் இல்லை.

அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிக் கத்தியதில்லை.

“அவர அப்பறம் கொல்லுங்கடா! மொதல்ல இவளத் தூக்குங்க!”

அந்தக் காரின் பின்சீட்டிலேயே கிடத்தினோம். அவரையே ஓட்ட வைத்தார்கள். உடைந்த பல்லை மடியில் துப்பிக்கொண்டே ஓட்டினார்.

“கையக் காட்டுனேனேக்கா,” என்றாள் அவள். ஆஸ்பத்திரி வரும்வரை அதையே சொன்னாள்.

மறுநாள் விடிவதற்குள் அவளுடைய வலது காலை எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது. நான் முதல் ஷிப்டுக்குப் போனேன். மஞ்சள் கோட்டில் நின்று கையைக் காட்டினேன். ஃபோர்க்லிஃப்ட் நின்றது.