ஏன் தேவை என்ற கட்டம்

வட தேசத்துச் சிற்றூரான எங்கள் லெப்பாரந்தாவில் உருப்படியாக எது கண்ணில் பட்டாலும், அதற்குப் பின்னால் ரைலி நிரப்பிய ஒரு விண்ணப்பம் இருக்கும். பனிச்சறுக்குப் பாதையின் விளக்குகள், மளிகைக் கடைச் சுவரில் தொங்கும் இதயத்துடிப்புக் கருவி, ஊர்ச் சங்கக் கட்டடத்தின் புதுத் தரை எல்லாமே மானியத்தில் வந்தவை. ஆயிரத்து இருநூறு பேர் வாழும் ஊரில் வரிப்பணம் சாலைப் பனியைத் தள்ளவே சரியாகிவிடும். மற்றதற்கெல்லாம் வட்டார நிதிக் குழுவிடம் கேட்க வேண்டும். கேட்டு எழுதுவது ரைலி. கையெழுத்துப் போடுவது சங்கத் தலைவனான நான். இருபத்தெட்டு வருடம் மின்கம்பம் ஏறியவன். கம்பத்தில் நடுங்காத கை, படிவத்தைக் கண்டால் நடுங்கும்.

ரைலி முப்பத்தொரு வருடம் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். யாருக்கு மூலம், யாருக்குத் தூக்கமில்லை, யார் வீட்டில் யாருக்குத் தெரியாமல் என்ன மாத்திரை போகிறது என்று எல்லாம் தெரியும். ஒரு சொல் வெளியே வந்ததில்லை. என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று என் மனைவியே ஒருமுறை அவளிடம் தூண்டில் போட்டுப் பார்த்தாள். "அவன் உன் புருஷன்தானே, அவன்கிட்டயே கேளேன்" என்று சொல்லி இருமல் மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

படிவங்களில் "ஏன் தேவை" என்று ஒரு கட்டம் வரும். அரைப் பக்கம் இடம் விட்டிருப்பார்கள். மற்ற கட்டங்களை அழகாக நிரப்புகிற ரைலி அங்கே வந்ததும் கஞ்சத்தனம் காட்டுவாள். பனிச்சறுக்குப் பாதை விளக்குக்கு அவள் எழுதியது இவ்வளவுதான்: "நவம்பரில் இருட்டாக இருக்கிறது." அந்த வருடம் போட்டிக்கு ஆளில்லை, கிடைத்துவிட்டது.

அவள் கணவன் தவுனோ மர லாரி ஓட்டியவன், என் பால்ய நண்பன். குளிர்காலத்தில் ஏரிக்கரைச் சவுனாவில், அந்தச் சூடான நீராவி அறையில் உட்கார்ந்து வெந்துவிட்டு, உறைந்த ஏரியில் வெட்டி வைத்த துளைக்குள் இறங்காமல் ஒரு சனிக்கிழமையும் கழித்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்தது. வலது காலும் கையும் போயின, பேச்சு மெதுவானது, சக்கர நாற்காலி வந்தது. சவுனா வரைக்கும் வருவான். அங்கிருந்து ஏரிக்கு இறங்குவது வழுக்கும் ஏணி. ஒருமுறை நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றோம். "நான் என்ன சோபாவா" என்றான். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் இறங்கும்போது உடை மாற்றும் அறையின் ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். ரைலி முதலில் ஏறி வருவாள். வந்ததும் ஈரக் கையை அவன் பிடரியில் வைப்பாள். அவன் தோளைக் குறுக்கிச் சிரிப்பான். "கிழடுங்க கொஞ்சறதப் பாரு" என்று நானும் பலமுறை கேலி செய்திருக்கிறேன்.

அந்த ஏணிக்குப் பதிலாக, கைப்பிடி வைத்த சாய்தளம் ஒன்று தண்ணீருக்குள்ளே போகும்படி கட்ட வேண்டும் என்று ரைலி சங்கத்தில் சொன்னாள். யாருக்காக என்று சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும், நாங்களும் கேட்கவில்லை. இங்கே அதற்கு அடித்தளம் போடுவது மார்ச்சில்தான். ஏரிமேல் பனிக்கட்டி கெட்டியாக இருக்கும்போது, அதன் மேலேயே மரக்கட்டைகளை அடுக்கிப் பெட்டி செய்து, கல் நிரப்பி, சுற்றிலும் பனிக்கட்டியை அறுத்துவிட்டால் பெட்டி நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடும். மார்ச்சை விட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். தவுனோவுக்கு எழுபத்து மூன்று வயது. அவனுக்கு ஒரு வருடம் சின்ன விஷயமில்லை.

"ஏன் தேவை" கட்டத்தில் ரைலி எழுதினாள்: "பழைய ஏணி இருக்கிறது. இதுவரை சமாளித்து வந்திருக்கிறோம். சாய்தளம் இருந்தால் நன்றாக இருக்கும்." படித்துப் பார்த்தேன். கண்ணியமாக எழுதியிருக்கிறாள் என்று பெருமையோடு கையெழுத்துப் போட்டேன். பிப்ரவரியில் பதில் வந்தது. தேவை விளக்கப்படவில்லை, மானியம் இல்லை. அந்த மார்ச்சின் பனிக்கட்டி வீணாகக் கரைந்து போனது.

நிதிக் குழுவின் ஆலோசகர் ஹென்ரீக்கா ஒரு நாள் நேரில் வந்தார். தெற்கே நகரத்தில் வளர்ந்த பெண், வாய்க்குப் பூட்டுக் கிடையாது. சங்கக் கட்டடத்தில் காபியும் ஏலக்காய் பன்னும் வைத்தோம்.

"நீங்க எழுதினதப் படிச்சிட்டு எங்க குழுவுல ஒருத்தர் என்ன சொன்னார் தெரியுமா? இவ்வளவு வசதியா இருக்காங்களே, இவங்ககிட்ட நாம மானியம் கேக்கலாம் போலன்னார்."

"பொய் எழுதச் சொல்றீங்களா?" என்றாள் ரைலி.

"உண்மைய எழுதச் சொல்றேன். யாரால ஏரிக்குள்ள இறங்க முடியல? அத எழுதுங்க. அக்டோபர் வரைக்கும் நேரம் இருக்கு."

ரைலி பன்னை இரண்டாகப் பிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் அழுத பிள்ளையை, அழுது முடித்துவிட்டு வா என்று வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அக்டோபர் கடைசி வாரம் ரைலி வீட்டுச் சமையலறையில், கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளும் தவுனோவும் நானும் உட்கார்ந்தோம். மற்ற கட்டங்கள் நிரம்பியிருந்தன. அந்த ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஓர்வோ, நீ எழுது" என்றாள் ரைலி.

நான் எழுதினேன். "ஊர் மக்களின் நலனுக்கு" என்று ஆரம்பித்து மூன்று வரி ஓட்டினேன். அவள் படித்துவிட்டு, "இது தேர்தல் நோட்டீசு" என்று அழித்தாள்.

தவுனோ இடது கையால் காபிக் கோப்பையை நகர்த்தினான். "என்னப் பத்தி எழுதேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"முப்பத்தொரு வருஷம் ஊரான் வீட்டு நோய ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல. என் வீட்டு நோயக் கடுதாசியில போட்டு முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட நீட்டணுமா? கையேந்தற மாதிரி இருக்கு தவுனோ."

அவன் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான். "ஊரானோடதுன்னா ரகசியம். இது என்னோடது. நான் சொல்றேன், எழுது. என் காலு போயிடுச்சுன்னு எழுது. பனியில நாற்காலித் தடத்த ஊரே பாக்குது. நீ மட்டும் எதுக்கு இன்னும் மருந்துக்கடைத் திரை போட்டு மூடற."

ரைலி எழுந்து அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. பிறகு வந்து உட்கார்ந்து, நிறுத்தாமல் எழுதினாள். முடித்ததும் கணினியை என் பக்கம் திருப்பிவிட்டு விறகு எடுக்க வெளியே போனாள். தலைவன் படிக்காமல் அனுப்ப முடியாது.

"என் கணவரால் நடக்க முடியாது. அறுபது வருடம் இந்த ஏரியில் இறங்கியவர். நான்கு குளிர்காலமாக நான் மட்டும் இறங்குகிறேன். கையில் தண்ணீரின் குளிர் போவதற்குள் ஓடிவந்து கையை அவர் கழுத்தில் வைக்கிறேன். ஏரியில் அவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஏணி எனக்கும் வழுக்குகிறது. எங்களால் சமாளிக்க முடியவில்லை."

அந்த ஜன்னலருகே நான் செய்த கேலியெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. தவுனோ முகத்தைப் பார்க்காமல் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

பிப்ரவரி பதினேழாம் தேதி சரி என்று பதில் வந்தது. மார்ச் இரண்டாம் சனிக்கிழமை கூட்டு வேலைக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். அவரவர் ரம்பம், அவரவர் சுத்தி. சங்கத்தின் செலவு பட்டாணி சூப் மட்டும்தான். ஹென்ரீக்காகூட வந்து கல் தூக்கினார். கட்டைப் பெட்டி பனிக்கட்டியை விட்டுக் கோணாமல் இறங்கியபோது தவுனோ கரையிலிருந்து இழுத்து இழுத்து, "ஓர்வோ, இடது பக்கம் ஒரு விரற்கடை ஏறியிருக்குடா" என்றான். அவனால் வேலை செய்ய முடியாதே தவிர, குறை சொல்ல நன்றாக முடியும்.

மே மாதக் கடைசியில் பலகை அடித்து முடித்தோம். ஏரியிலிருந்து பனிக்கட்டி போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்குச் சவுனாவில் ஆறு பேர் இருந்தோம். தவுனோ முதலில் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் அவனே மெதுவாக, "என்ன, எல்லாரும் வெந்து சாகறதா உத்தேசமா" என்று நாற்காலியைத் திருப்பினான்.

ரைலி பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, அதில் உட்கார்ந்தபடியே இடது கையால் கைப்பிடியைப் பற்றி இறங்கினான். முழங்கால், இடுப்பு, பிறகு மார்பு வரைக்கும் தண்ணீர். ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பக்கவாதத்துக்குப் பிறகு அவன் தடங்கலில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நாங்கள் ஏற்றிக் கொண்டுவந்ததும், ரைலி பெஞ்சில் உட்கார்ந்து அவன் காலைத் துடைக்கக் குனிந்தாள். அவன் ஈரம் சொட்டும் இடது கையை அவள் பிடரியில் வைத்தான்.

"சில்லுனு இருக்கா?"

அவள் எல்லார் முன்னாலும், துண்டால்கூட முகத்தை மறைக்காமல், வாய்விட்டு அழுதாள். தவுனோ கையை எடுக்கவில்லை.