சாட்சிக்கு இரண்டு பேர்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துவிட்டது. ரேஷன் கார்டுக்குச் சொன்னேன், வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவரிடம் சொன்னேன், பல் பிடுங்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். பல்லுக்கும் புருஷனுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்டதற்கு அந்த நர்ஸ் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு வீடு தேடியபோது வாசலுக்கு வாசல் முதல் கேள்வி, "தனியாவா இருப்பீங்க?" என்பதுதான். ஆமாம், கூட ஒரு பூதம் இருக்கும் என்று சொல்ல நாக்கு துடிக்கும். கடைசியாகக் கிடைத்த வீட்டில்தான் இன்றுவரை இருக்கிறேன். பக்கத்துப் போர்ஷனில் வீட்டுக்கார அம்மா. தீபாவளி, பொங்கல் என்று பலகாரத் தட்டோடு வரும்போதெல்லாம் விடாமல் கேட்பார்: "இன்னாத்துக்கும்மா நீ கட்டிக்கவே இல்ல?"

இதில் வேடிக்கை என்னவென்றால், கல்யாணத்தைப் பற்றி இந்த வட்டாரத்தில் என் அளவுக்குப் படித்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அஞ்சல் வழியில் எம்.ஃபில். சேர்ந்தபோது, இடைக்கால இங்கிலாந்தில் கல்யாணத்துக்கு என்னென்ன சொற்கள் வழங்கின, அவற்றுக்கு என்ன பொருள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. நானாக ஆசைப்பட்டு எடுத்ததில்லை. நல்ல தலைப்புகளையெல்லாம் மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போனபின் மிஞ்சியதைப் பேராசிரியர் என் தலையில் கட்டினார். போகப்போக அதில் விழுந்துவிட்டேன்.

வெட்டிங் என்கிறோமே, அதன் அடியில் 'வெட்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. சொன்ன சொல்லுக்கு ஈடாகக் கையில் கொடுக்கும் பொருள், பிணை என்று அதற்கு அர்த்தம். ஒய்ஃப் என்றால் அந்தக் காலத்தில் வெறுமனே பெண்பிள்ளை. ஹஸ்பெண்ட் என்றால் வீட்டை உடையவன். ஒரு ஆணும் பெண்ணும் மனமொத்து, உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டால் கல்யாணம் ஆகிவிட்டது என்று அவர்களுடைய திருச்சபையே ஒப்புக்கொண்டிருந்தது. பாதிரியார் இல்லாவிட்டாலும் செல்லும். வயலில் சொல்லலாம், மாட்டுக்கொட்டகையில் சொல்லலாம். முறையாகக் கோயில் வாசலில் வைத்துச் செய்தவர்களும், படுக்கையோடு சாப்பாட்டுப் பலகையையும் சேர்த்துச் சொல்லி, இரண்டிலும் துணையிருப்பேன் என்றுதான் சத்தியம் செய்தார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. பிற்பாடு அவன், நான் எங்கே சொன்னேன் என்று கையை விரித்துவிட்டால், சொன்னான் என்று நிரூபிக்க இரண்டு பேர் சாட்சி வேண்டும். அப்படி வழக்காட வந்த பெண்கள் ஏராளம். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான் என்பார்கள். யார் பார்த்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கடவுளுக்கு முன்னால் பெண்டாட்டி, ஊருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. நான் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே, அசட்டுப் பெண்களா, ரெண்டு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர்களைத் திட்டுவேன்.

அப்போது நான் கல்வராயன் மலையில் ஒரு உறைவிடப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கணக்கு வாத்தியார் ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். சாக்பீஸ் பட்ட கையைத் துடைக்க எந்நேரமும் தோளில் ஒரு துண்டு கிடக்கும். நான் புத்தகத்தைப் பிரித்தால் போதும், "இன்னிக்கு எந்த வெள்ளக்காரிக்குக் கல்யாணம் டீச்சர்?" என்று ஆரம்பித்துவிடுவார். கிண்டல்தான். ஆனால் நான் சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கேட்ட ஒரே மனிதர் அவர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது என்று தெரியும். இரண்டு வீட்டாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பார்கள், பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அதனால் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மலைக்குக் கீழே அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். கூட்டம், ஊர்வலம் என்றிருந்தது, ஒரு வாரம் சாலை மறியலாக வெடித்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நின்றது நின்றபடி கிடக்கின்றன என்றார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு வரும் பஸ்ஸும் நின்றது. சனி, ஞாயிறுக்கு ஊருக்குப் போன மற்ற வாத்தியார்கள் திரும்ப முடியவில்லை. பிள்ளைகளை அவரவர் அப்பன்மார் நடந்து வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பள்ளியில் மிஞ்சியது நானும், அவரும், சமையல்கார அக்காவும்.

அக்கா அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். வாயைக் கொடுத்தால் தப்ப முடியாது. அவர் புருஷன்தான் பள்ளிக்கு விறகு போடுகிறவர். அரிசி தீர்ந்ததும் அக்கா தன் வீட்டுச் சாமையை மடியில் கட்டிக்கொண்டு வந்து, "மூணு பேருக்கு எதுக்கு மூணு அடுப்பு?" என்று ஒரே அடுப்பில் ஆக்கினார். கணக்கு வாத்தியாருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவர் தம்பி மறியலில் இருந்தான். கீழே துப்பாக்கிச்சூடு என்று ரேடியோவில் செய்தி வந்ததிலிருந்து வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

ஒரு மத்தியானம், மழை விட்டிருந்தது. நான் சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே வந்து நின்றார்.

"ரோடு தொறந்தா நீங்க சின்னசேலம் போய்டுவீங்க. உங்கப்பா மாப்ள பாத்துகினு இருக்காரு."

"பாக்கட்டுமே. அதுக்கென்ன?"

"நான் உங்களக் கட்டிக்கிறேன் டீச்சர். இப்பவே சொல்லிட்டேன்."

எனக்குப் படிப்புதான் துணைக்கு வந்தது. "இதெல்லாம் செல்லாது சார். சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்" என்றேன்.

மனிதர் சட்டென்று சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினார். "அக்கா! அண்ணனையும் இட்டுகினு இங்க வாங்க!"

அக்கா கரண்டியோடு ஓடிவந்தார். "இன்னா சார், பாம்பா?" பின்னாலேயே அவர் புருஷன் கோடாலியோடு வந்து நின்றார். வாத்தியார் என்னிடம் சொன்னதையே திருப்பிச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா சொல்ற?"

அதுவரை என்னை டீச்சரம்மா, வாங்க, போங்க என்றுதான் சொல்வார். அந்த 'நீ'யில் எனக்கு விளையாட்டெல்லாம் போய்விட்டது. "நானும் இவரத்தான் கட்டிக்கிறேன்" என்றேன்.

"கையில இருக்கறத குடு சார் அதுகிட்ட" என்றார் அக்கா. வாத்தியார் கையில் ஒன்றுமில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். அக்கா ஒரே தட்டில் சாமைச்சோறு போட்டு, கொள்ளு ரசம் ஊற்றி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். தாலி என்று நான் இழுத்தேன். "எம் பெரியவன் நடக்க ஆரம்பிச்சப்புறம்தான் எனக்குத் தாலியே கட்னாரு இவரு. ஊருக்குச் சோறு போட அப்பத்தான் நெல்லு வெளைஞ்சுது. அதுவரைக்கும் நான் பொண்டாட்டி இல்லியா? துண்ணு" என்றார்.

அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்குமுன் அப்படி இருந்ததில்லை, பின்னாலும் இல்லை.

மரங்களை அகற்றி, ரோடு திறந்து, பஸ் வந்தது. "தம்பியப் பாத்துட்டு, வூட்ல சொல்லிட்டு வந்துடறேன்" என்று ஏறினார். பஸ் வளைவில் திரும்பும்வரை கை காட்டினார். அவ்வளவுதான். தம்பியைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்திருந்தது. தாய்மாமன் அலையாத இடமில்லாமல் அலைந்து பையனை வெளியே கொண்டுவந்திருந்தார். அந்த மாமனுக்கு ஒரு பெண் இருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவருடைய அம்மா காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறார். அவர் ஊர்ப்பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டார். இத்தனையும் ஹெட்மாஸ்டர் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. மஞ்சள் தடவிய பத்திரிகையை என் மேஜையிலும் ஒன்று வைத்துவிட்டு, "போவோமா டீச்சர், எல்லாரும் ஒரு வேன் பிடிச்சு?" என்றார் பாவம்.

அக்காவுக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "கெளம்பு. நானும் எம் புருஷனும் வரோம். பந்தல்ல நின்னுகினு சொல்றோம். எங்க கண்ணு முன்னால சோறு துண்ணவன் இல்லன்னு சொல்லிடுவானா?" என்று புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றார். விறகுக்கார அண்ணன் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்குச் சாட்சி இருந்தது. அந்த வெள்ளைக்காரப் பெண்கள் ஏங்கிச் செத்த இரண்டு சாட்சிகளும் ஆளுக்கொரு பக்கம் என் எதிரே தயாராக நின்றார்கள். அங்கே என்றால் வழக்கு என் பக்கம்தான். ஜெயித்த சில பெண்களைப் பற்றியும் படித்திருந்தேன். நான் சொல்லவே இல்லை என்று சாதித்தவனோடு போய்க் குடித்தனம் நடத்து என்று தீர்ப்பாகும். அந்த வீட்டில் முதல் நாள் எப்படி உலை வைத்திருப்பாள்? அதை எவரும் எழுதி வைக்கவில்லை. அப்படி ஒரு மனுஷனை இழுத்து வந்து நான் வாழ வேண்டாம், போங்கள் என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை.

அப்பா கொண்டுவந்த மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார், சொல்லவில்லை. அப்பா அம்மா போனபிறகு கேட்கவும் ஆளில்லாமல் போனது. கள்ளக்குறிச்சிக்கு மாற்றல் வந்தது. ஆய்வேடு முடித்துப் பட்டமும் வாங்கினேன், காட்டத்தான் யாருமில்லை. காய்ச்சலில் படுத்தால் நானே எழுந்து நானே கஞ்சி வைத்து, நல்லா இருக்கா என்று நானே கேட்டுக்கொள்வேன். கோமுகி அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பார்க்கப் போக ஆசை வரும். அங்கே எல்லாரும் குடும்பம் குடும்பமாக வருவார்கள் என்று போவதில்லை. தனியாக இருப்பதற்குப் பழகிவிடும் என்கிறார்களே, அதெல்லாம் சுத்தப் பொய்.

அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில், ஒரு பெண் குழந்தைக்கு முறுக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தார். தோளில் அதே மாதிரி துண்டு. அவரும் பார்த்தார். இரண்டு எட்டு முன்னால் வந்தார். என் பஸ்ஸுக்குக் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

போன வருஷம் ஐப்பசியில், காய்கறி வாங்கித் திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் சுவரில் அவர் முகம். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நல்லாசிரியர், அன்புக் கணவர், பாசமிகு தந்தை என்று போட்டிருந்தது. பூவுக்கு நடுவில் வழுக்கைத் தலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். நான் கத்தரிக்காய்ப் பையோடு நின்று முழுக்கப் படித்தேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பொம்பளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். நான் யாரைக் கட்டிக்கொண்டு அழ? வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். சோறு பொங்கியது, வடித்தேன், சாப்பிடவில்லை. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா மூஞ்சி ஒரு மாரி கீது?" என்றார். தலைவலி என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு என்ன உரிமை?

அங்கே காரியம் நடக்கும் நாள் போஸ்டரிலேயே இருந்தது. அன்று காலை கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், அக்கா. கூன் விழுந்து, பல்லெல்லாம் போய், கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. மலையில் வாத்தியாரிடம் படித்த ஒருவன் சொல்லித்தான் தெரிந்ததாம். முதல் பஸ்ஸில் இறங்கி, கடை திறக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏன்டி, எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். கத்தரிப்பூ நிறம், விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடும் கோடிச் சேலை. "உனக்கு அண்ணனா, தம்பியா? யாரு வந்து போடுவா? எங்காளும் போய்ச் சேந்துட்டாரு. பாத்த கண்ணுல மீதி இருக்கறது நான் ஒருத்திதான்" என்று அதை விரித்து என் தோளில் போர்த்தினார். "துண்டு வச்சுக்கினு இருக்கியா?" என்று கேட்டார். பீரோவின் அடியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். அதை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அக்கா குரலெடுத்து அழ ஆரம்பித்தார். அத்தனை வருஷம் கழித்து நானும் வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, யாரு? யாரு பூட்டாங்க?"

"இவ வூட்டுக்காரரு" என்றார் அக்கா.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, என் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டார்.